கயாதோ கரையில் என்னென்ன எரிந்தது

படிவத்தின் முதல் கேள்வியைக் கேட்டதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"குடியேற்றத்துக்கு முன்பு ஆற்றின் கரைகளில் இருந்த மரம், செடி, கொடி வகைகள்." அதற்குக் கீழே பன்னிரண்டு கோடுகள். கயாதோ ஆற்றின் கரையில் இருந்ததையெல்லாம் பன்னிரண்டு கோட்டில் அடக்கிவிடலாம் என்று தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு எவனோ முடிவு செய்திருக்கிறான். அவன் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டான்.

படிவத்தைக் கொண்டுவந்தவள் எலியானா. வனத்துறை எஞ்சினியர், முப்பத்தைந்து வயது இருக்கும். துறைமுகத்து ஊரிலிருந்து ஜீப்பில் வந்து, ரப்பர் பூட்ஸில் சேறோடு என் சமையலறையில் அடுப்போரமாக உட்கார்ந்திருந்தாள். என் அக்கா தொமித்திலா ஊற்றிக் கொடுத்த கசப்பு மாத்தே இலைத் தேநீரைக் குழலில் முகம் சுளிக்காமல் உறிஞ்சினாள். நல்ல பெண்தான். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

"தோன் பெலார்மினோ, இந்தப் பள்ளத்தாக்குக்கு முதல்ல வந்தவங்கள்ல மிஞ்சியிருக்கறது நீங்க ரெண்டு பேர்தானாம். கரை இடியாம இருக்க மறுபடி மரம் வைக்கப்போறோம். முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே எதை வைக்கறதுன்னு முடிவு பண்ண முடியும்?"

"முப்பது வருஷம் லேட்டா வந்திருக்கீங்க."

"அப்ப எனக்கு அஞ்சு வயசு ஐயா" என்று சிரித்தாள்.

சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்? எரி, எரித்தால்தான் பட்டா என்று அன்றைக்கு ஆள் அனுப்பிய அதே அரசாங்கம்தான், என்ன எரிந்தது என்று கேட்டு இன்றைக்கு இவளை அனுப்பியிருக்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இதுதான்.

அக்காவைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் இந்த ஆற்றிலேயே அவளைப் போலத் திட்ட ஆள் கிடையாது. சரக்குப் படகு இழுத்து வருகிறவர்கள் அவள் ரொட்டிக்காக வருகிறார்களா, அவள் வசவுக்காக வருகிறார்களா என்று எங்களுக்கே சந்தேகம். எனக்குத் தீக்குச்சி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் இருபத்தொன்பது வருஷமாக என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. பதின்மூன்று வருஷமாக என் வீட்டிலேயே, என் சமையலறையிலேயே இருக்கிறாள். சேற்றுக்காலோடு நடந்து பார்த்துவிட்டேன், பால் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். துடைத்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கு இந்த வயதில் வேண்டியது ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் கண்மூடுவதற்குள், அன்றைக்கு நான் வைத்த ஒரு தீக்காக அவள் என்னை ஒரு தடவை திட்ட வேண்டும்.

"சொல்லுங்க ஐயா. தண்ணியை ஒட்டி என்ன மரம் இருந்துச்சு?"

யோசித்தேன். பேர் தெரியும், ஆனால் எது எங்கே நின்றது, எப்போது பூத்தது, அதன் அடியில் எது முளைத்தது என்றால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வேறொன்றுதான் ஞாபகம் வந்தது.

"கோய்வே இருந்துச்சு. நாலு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாது. அது சீக்கிரம் பிடிக்காது. முதல் நாள் சும்மா புகையும். மூணாம் நாள் உள்ளுக்குள்ள புகுந்துட்டா மூணு மாசம் அணையாது. தேப்பா இருந்துச்சு, அது ஈர மரம், கொதிச்சு வெடிக்கும், வாசனையா இருக்கும். சிப்ரேஸ் மழையிலகூட எரியும், எண்ணெய் அப்படி. கீலான்னு ஒரு மூங்கில், ஆள் நுழைய முடியாம அடைச்சிருக்கும். அது எரியறப்ப துப்பாக்கிச் சண்டை மாதிரி சத்தம் கேக்கும். நால்கா இலை ஒவ்வொண்ணும் குடை அகலம். அது எரியாது, வெந்து தொங்கும்."

எலியானாவின் பேனா பாதியில் நின்றுவிட்டது. "ஐயா, நான் என்ன இருந்துச்சுன்னு கேட்டேன்."

"அதைத்தானேம்மா சொல்றேன். எனக்கு இப்படித்தான் தெரியும்."

கத்தி உருளைக்கிழங்கில் ஓடும் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

நாங்கள் சிலோயே தீவிலிருந்து வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது, அக்காவுக்கு முப்பத்தொன்று. அவள் புருஷன் எவரிஸ்தோவோடு சேர்த்து மூன்று பேர், ஒரு படகு, இரண்டு ஆடு, ஒரு மூட்டை விதைக்கிழங்கு. கழிமுகத்திலிருந்து மேலே வர மூன்று நாள் ஆயிற்று. கரையில் நடக்க இடமில்லாததால் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைக் கயிறு கட்டி இழுத்தோம். இரண்டு பக்கமும் மரங்கள் நடு ஆற்றின்மேல் கை நீட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தாலும் ஆழத்தில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மூன்று நாளில் வானத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் துறைமுகத்து ஊர்க்காரர்கள் அந்தக் காட்டைச் சொர்க்கம் என்று பேசுகிறார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது அழகாகத் தெரியவில்லை. பயமாக இருந்தது. பயந்தவன் கையில் தீப்பெட்டி இருந்தால் என்ன செய்வான் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்காவுக்குப் பயம் இல்லை. ஆறு வளைகிற இடத்தில் அவள் ஒரு துறையைப் பார்த்துவிட்டாள். அங்கே கோய்வே வேர்கள் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்ததால் கரை செங்குத்தாக இறங்கியது. தண்ணீர் இரண்டு ஆள் ஆழம். சரக்குப் படகு கரையை உரசி நிற்கலாம், ஏணிகூட வேண்டாம். கரையோரம் வரிசையாக அர்ராயான் மரங்கள், செம்பட்டை உரிந்து வழவழவென்று, கயிறு கட்டத் தோதாக.

"இங்கதான் வீடு" என்றாள்.

"இங்க வெயிலே வராதேக்கா."

"வெயில் வந்தா படகுக்காரன் நிழலுக்கு எங்க போவான், உன் தலைல உக்காருவானா?"

அவள் சொன்னதுதான் நடந்தது. மேலாற்றுக் குடியேறிகளுக்கு மாவும் உப்பும் கொண்டுபோகிற படகுகள் எல்லாம் அவள் துறையில் நின்றன. ரொட்டி சுட்டாள், கசுவேலா என்கிற ஆட்டுக்கறிச் சாறு காய்ச்சினாள், திட்டினாள், பிழைத்தாள். எவரிஸ்தோ வருஷத்தில் ஆறு மாதம் எல்லை தாண்டி அர்ஜெந்தீனாப் பண்ணைகளுக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போய்விடுவான். எனக்கு எதிர்க்கரையில் நிலம்.

நிலம் என்று சொல்கிறேனே தவிர, பட்டா யாருக்கும் கிடையாது. குடியேற்ற இலாகா இன்ஸ்பெக்டர் வந்து, நிலத்தில் உழைப்பு நடந்திருக்கிறது என்று எழுதினால்தான் பட்டா. உழைப்பு என்றால் அவர்கள் கணக்கில் மரம் இல்லாத இடம். மரம் நின்றால் நீ சோம்பேறி. கரிக்கட்டை நின்றால் நீ உழைப்பாளி. ஆடுகூட ஏற முடியாத செங்குத்துச் சரிவையும் எக்டேர் கணக்கில் சேர்ப்பார்கள், அதனால் நாங்கள் செங்குத்துச் சரிவுகளையும் எரித்தோம். புல் முளைக்காது என்று தெரிந்தே எரித்தோம். இப்படி ஒரு முட்டாள்தனத்தை உலகத்தில் வேறு யாராவது செய்திருப்பார்களா தெரியாது. நாங்கள் ஒரு பள்ளத்தாக்கு முழுக்கச் செய்தோம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து செய்தோம்.

அதில் நான் கெட்டிக்காரன். வசந்தத்தில் கீலாவை வெட்டிச் சாய்த்துக் காயவிட வேண்டும். ஜனவரிக் கோடையில், புயெல்ச்சே என்கிற வறண்ட கிழக்குக் காற்று எழும்பும் நாளைப் பார்த்து, மாட்டுக்கொம்பு ஊதி அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிட்டு, கீழ் ஓரத்தில் வைக்க வேண்டும். மற்றதைத் தீயே பார்த்துக்கொள்ளும். காற்றை முகர்ந்தே நாள் சொல்வேன். நாலு ஊரிலிருந்து என்னைக் கூப்பிட்டு ஆட்டுக்கறி போட்டு அழைத்துப் போவார்கள். காற்று திசை மாறிய ஒரு நாளில் எங்கள் சாம்பல் எல்லை தாண்டி அர்ஜெந்தீனாக்காரன் காயப்போட்ட துணியில் விழுந்ததாகக் கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா மட்டும் எரிக்கவில்லை. கையால் வெட்டித் திருத்தியது நாலு எக்டேர், கிழங்குக்கும் ஓட்ஸுக்கும். மீதி எழுபத்தாறும் காடு. ஈஸ்டருக்கு முன் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும், மேலாற்று மாட்டுக்காரன் ஒருத்தன் அவள் நிலம் உழைக்காமல் கிடக்கிறது, எனக்குக் கொடுங்கள் என்று மனு போட்டுவிட்டான். நான் படகில் அக்கரை போய் அவளிடம் மன்றாடினேன்.

"மேல்சரிவை மட்டும் குடுக்கா. கரையைத் தொட மாட்டேன். ஒரே நாள் வேலை."

"தீ என்ன உன் வீட்டு நாயா, உக்காருன்னா உக்கார?"

"நாலு வருஷமா இதே தொழில். எனக்குத் தெரியாதா?"

"உனக்கு வைக்கத் தெரியும். நிறுத்தத் தெரியுமாடா தீக்குச்சி? போன வருஷம் மான்சீயா வீட்டுச் சரிவுல வச்சியே, பனியிலயும் வேருக்குள்ள புகைஞ்சுட்டு இருந்துச்சே, அதை நிறுத்தினியா?"

"அப்ப நிலம் போகட்டும்ங்கற."

"எவரிஸ்தோ ஏப்ரல்ல வரான். அதுவரைக்கும் தவணை கேட்டுப் பாக்கறேன். ஆபீஸ்ல இருக்கறவனும் ஒரு அம்மா வயித்துல பொறந்தவன்தானே."

மறுநாள் ஒரு படகில் துறைமுகத்துக்குப் போய்விட்டாள். இறங்க ஒரு நாள், மனுவுக்கு ஒரு நாள், திரும்பி ஏற இரண்டு நாள்.

அந்த வருஷம் ஆறு வாரமாக மழை இல்லை. மழை நிற்காத பள்ளத்தாக்கில் ஆறு வாரம்! அவள் போன இரண்டாம் நாள் காலையில் புயெல்ச்சே எழும்பியது. தவணை கிடைக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். கூடவே, அவள் வாயை ஒரு தடவையாவது அடைக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது பெரிது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

சரிவின் பாதியில் ஒரு ஆள் அகலத்துக்கு அகழி வெட்டினேன். தீ கரைப்பக்கம் இறங்கக் கூடாது என்று இந்தத் தடவை மேல் ஓரத்தில் வைத்தேன். மதியம்வரை தீ சொன்னபடி கேட்டது. பிறகு தீயை மேலே தள்ளிக்கொண்டிருந்த காற்று நின்றுவிட்டது. சிப்ரேஸ் கட்டைகள் வேரறுந்து எரிந்தபடியே உருண்டு வரத் தொடங்கின. ஒரு ஆள் அகல அகழியை அவை கவனிக்கக்கூட இல்லை. கீழே வெட்டாத கீலா, ஆறு வாரம் காய்ந்தது. நான் கத்தினேன், ஈரச்சாக்கால் அடித்தேன், கடைசியில் அக்காவின் இரண்டு மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் கழுத்தளவு நின்றேன். தலைக்குமேல் கோய்வே கிளைகள் பற்றி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்து சீறின. அர்ராயான் பட்டை சுருண்டு சுருண்டு உரிந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அந்த இடத்தில் எனக்கு வானம் தெரிந்தது. செக்கச்சிவப்பாக இருந்தது.

வீடு தப்பியது. சுற்றி இருந்த கிழங்குத்தோட்டம் காப்பாற்றியது.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்து இறங்கினாள். கயிறு கட்டத் தாங்கும் மரம் ஒன்றும் மிஞ்சாததால் படகுக்காரர்கள் கையாலேயே படகைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கரிப்பூச்சோடு நின்றேன். அடி விழும், மண்வெட்டியால்கூட விழும் என்று காத்திருந்தேன். அவள் சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"மாடு ரெண்டும் இருக்கா?"

"இருக்குக்கா."

"சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச்சில் இன்ஸ்பெக்டர் வந்தார். அரிஸ்தெகி என்று பெயர், குதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்த மனிதர். கறுத்த சரிவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம் சென்யோரா. ஒரு பொம்பளை தனியா இவ்வளவு உழைச்சிருக்கீங்க. யார் வச்சது? அடுத்தவன் வச்சிருந்தா கணக்குல வராது, வச்சவன் ஜெயிலுக்கும் போகணும். கேக்கறது என் கடமை."

"நான்தான் வச்சேன்" என்றாள் அக்கா.

நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரலில் எவரிஸ்தோ எல்லை தாண்டி நடந்து வந்தான். துறையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தான். "யாருடி பண்ணது?" என்றான். "நான்தான்" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் மழைக்காலத்திலேயே ஆறு நிறம் மாறியது, அடுப்புச் சாம்பலைக் கரைத்த நிறம். சரிவின் மண் ஓடை ஓடையாக இறங்கி வந்தது. அடுத்த வருஷம் படகுக்காரன் கோலை ஊன்றியபோது துறையில் தரை தட்டியது. மூன்றாம் வருஷம் படகுகள் நடு ஆற்றிலேயே போயின, அவள் ரொட்டிக் கூடையோடு நின்று பார்த்தாள். அந்த வருஷம்தான் பட்டா வந்தது. அரசு முத்திரை, பச்சை நாடா எல்லாம் இருந்தது. எண்பது எக்டேர், வடக்கு எல்லை கயாதோ ஆறு.

வடக்கு எல்லை தெற்கே நகர ஆரம்பித்தது. வேர் அழுகி முடிந்ததும் கரை ரொட்டித் துண்டு போலப் பிட்டுப் பிட்டு விழுந்தது. தீவுக்காரர்களுக்கு வீட்டை இடிக்காமல் நகர்த்தத் தெரியும். எட்டு ஜோடி எருது, கீழே உருளைக்கட்டை, ஊரே சேர்ந்து இழுக்கிற மிங்கா. முதல் மிங்காவில் அக்கார்டியன் வாசித்தார்கள், வீட்டை நாற்பது மீட்டர் பின்னால் இழுத்துவிட்டு ஆடு வெட்டித் தின்றோம். ஆறு வருஷம் கழித்து இரண்டாவது மிங்கா. யாரும் வாசிக்கவில்லை. இழுத்து முடித்த மறுநாள் எவரிஸ்தோ கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டான்.

"கண்ணில்லாத பொம்பளை. துறையைத் தானே கொளுத்திக்கிட்டவகூட எப்படிடா குடும்பம் நடத்தறது?" என்று என்னிடம் சொன்னான். என்னிடம்! நான் அவன் மூட்டையைத் தூக்கிக் குதிரையில் வைத்தேன். அவன் திரும்பி வரவில்லை.

மூன்றாவது மிங்காவுக்கு எருது வந்தது, ஆள் வந்தார்கள், இழுத்துப்போக இடம்தான் இல்லை. பின்னால் சரிவு சறுக்கிக்கொண்டிருந்தது, முன்னால் ஆறு. வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். ஆகஸ்டு மழையில் வீடு போயிற்று. அக்கா ஒரு பெட்டியோடு என் சமையலறைக்கு வந்தாள். சில வருஷத்தில் கழிமுகமும் தூர்ந்து, துறைமுகத்துக்குக் கப்பல் வருவதும் நின்றது. இப்போது அங்கே நாணல் முளைத்திருக்கிறது, மாடு மேய்கிறது.

இவ்வளவையும் எலியானாவிடம் நான் சொல்லவில்லை. தீ எப்படி எரிந்தது என்பதை மட்டும் சொன்னேன். அவள் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

இல்லை என்பாள் என்றுதான் நினைத்தேன். அக்கா கத்தியை வைக்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"துறையில பதினொரு அர்ராயான். மூணாவது வளைஞ்சது, அதுலதான் பெரிய படகைக் கட்டுவாங்க. பிப்ரவரில பூக்கும், தண்ணி மேல வெள்ளையா மிதக்கும். அதுக்குப் பின்னாடி நால்கா, தண்டை உரிச்சு உப்பு தொட்டுத் தின்னலாம். வேருக்கு நடுவுல சிவப்புப் பூ சில்கோ, தேன்சிட்டு வரும். தண்ணிக்குள்ள கால் விட்ட கோய்வே நாலு. மேல போனா தேப்பா, அதுக்கு மேல சிப்ரேஸ். பாசி முழங்கால் வரைக்கும். நடந்தா சத்தமே வராது."

எலியானா பன்னிரண்டு கோட்டையும் தாண்டி ஓரத்திலெல்லாம் எழுதினாள். பதின்மூன்று வருஷத்தில் அக்கா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அத்தனையும் அவள் கண்ணுக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறது, என் அடுப்புக்குப் பக்கத்தில், தினமும்.

"கடைசிக் கேள்விம்மா. அழிஞ்சதுக்குக் காரணம். இயற்கை, உரிமையாளர், மூணாம் நபர். மூணுல ஒண்ணு போடணும்."

"மூணாம் நபர்" என்றேன். "நான்தான். அக்கா ஊர்ல இல்லாதப்ப நான் வச்சேன். எழுதிக்குங்க."

இருபத்தொன்பது வருஷம் கழித்துச் சொல்லிவிட்டேன்.

"உரிமையாளர்னு போடும்மா" என்றாள் அக்கா.

"அக்கா!"

"அவன் அன்னைக்கு எதிர்க்கரைல மாடு மேச்சுட்டு இருந்தான். வயசாயிடுச்சு பாரு, பள்ளத்தாக்குல எரிஞ்சது எல்லாத்தையும் தானே எரிச்சதா நினைச்சுக்கறான். பட்டா ஆபீஸ்ல என் கைரேகை இருக்கும், வேணா போய்ப் பாத்துக்க."

எலியானா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு குறி போட்டாள். மாத்தேக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். ஜீப் கிளம்பும் சத்தம் போகும்வரை நான் வாசலில் நின்றேன், நாகரிகத்துக்காக அல்ல, உள்ளே வரத் தைரியம் இல்லாமல்.

அக்கா கிழங்கைப் பானையில் போட்டு அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

"எதுக்குக்கா அப்படிச் சொன்ன? எவரிஸ்தோ போனது என்னால. துறை போனது என்னால. ஜெயிலுக்குப் போயிருக்கணும் நான். திட்டு. ஒரே ஒரு தடவை திட்டிடு. உன் காலைப் பிடிக்கறேன்."

"உன்னையா?" என்றாள். ஸ்டூலை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று!

"ஆபீஸ்ல இருந்தவன் தவணை தர மாட்டேன்னுட்டான். எரி, இல்லாட்டி காலி பண்ணுன்னான். ரெண்டு நாள் படகுல வந்தேன்ல, ரெண்டு நாளும் ஒரே யோசனை. வீட்டுக்குப் போனதும் தம்பிகிட்ட சொல்லிடணும், மேல்சரிவைக் கொளுத்துடான்னு. ஆனா எப்படிச் சொல்றது? அவ்வளவு பேசிட்டு உன்கிட்டயே வந்து நிக்கணுமே, இளிப்பியேன்னு வெக்கமா இருந்துச்சு. வளைவு வர்றதுக்கு முன்னாடியே புகையைப் பார்த்தேன். ஆறு பூராப் புகை. படகுக்காரனுங்க ஐயோ ஐயோன்னு கத்தறானுங்க. எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா?"

நான் தெரியாது என்று தலையாட்டினேன்.

"அப்பாடா, நான் கேக்க வேண்டியதில்லைன்னு தோணுச்சு."

அடுப்பில் விறகு இறங்கியது. அவள் கையை மடியில் துடைத்தாள், ஈரம் இல்லாத கையை.

"கொஞ்ச நேரம்தான். வளைவு திரும்பினதும் அர்ராயான் எரிஞ்சு நிக்கறதைப் பார்த்தேன், உசிரே போச்சு. ஆனா முதல்ல அது தோணுச்சு பெலார்மினோ. உன்னைத் திட்டணும்னு எத்தனையோ தடவை வாயைத் திறந்துட்டேன். அந்த அப்பாடாதான் முன்னாடி வந்து நிக்குது. நான் சந்தோஷப்பட்டுட்டு உன்னை என்னன்னு திட்டுவேன்?"

"நீ ஒரு நிமிஷம் நினைச்சதும் நான் பண்ணதும் ஒண்ணாக்கா?"

"எனக்கு ஒண்ணுதான்" என்றாள்.

இவ்வளவு வருஷமாக என் பாவம் அவளிடம் இருக்கிறது, ஒரு நாள் அவள் அதைத் தூக்கி என் முகத்தில் எறிந்துவிட்டால் நான் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகச் சாகலாம் என்று நினைத்திருந்தேன். அவள் அதைத் தன்னுடையதாகவே வைத்து வளர்த்திருக்கிறாள். நான் எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பித் தர மாட்டாள். என் வாயைத் திறந்து இன்ஸ்பெக்டரிடம் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளிடம் அது போயிருக்காது. நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

பானையில் தண்ணீர் வற்றிக் கிழங்கு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.